உள்ளூர்ப் புகைப்படப் போட்டிக்கு முதன்முறை நடுவராகப் போகிறவர்களுக்கு: ‘சாகசம்’ தலைப்பை முன்வைத்து ஒரு வழிகாட்டி

மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ ஓர் இளைஞர் கழகமோ பழைய மாணவர் சங்கமோ புகைப்படப் போட்டி வைக்கிறது. நீங்கள் கமராவோடு திரிபவர் என்று ஊருக்குத் தெரியும். “ஒரு நாள் வந்து மூன்று படத்தைத் தெரிவு செய்து தாங்க, சேர்” என்று கேட்கிறார்கள். ஒரு நாள் வந்து போகும் வேலை இல்லை அது. படம் எடுப்பது எப்படி என்று தமிழில் நிறையவே எழுதியிருக்கிறார்கள். வந்த படங்களில் எதைத் தெரிவது, எப்படித் தெரிவது, அந்தத் தெரிவை எதிர்த்து ஒருவர் எழுந்து நின்றால் என்ன பதில் சொல்வது என்பதை எழுதியவர்களைக் காணோம். எனக்கு அழைப்பு வந்தபோது கேட்டுக் கேட்டு, இழுபட்டுத்தான் பழகினேன். நீங்கள் அப்படி இழுபட வேண்டாம்.

சாகசம் என்று தலைப்பு வைத்தால் பொறுப்பு இரட்டிப்பாகிறது. இந்த வருடம் எந்தப் படத்துக்குக் கேடயம் கொடுக்கிறீர்களோ, அதே இடத்துக்கு அடுத்த வருடம் பத்துப் பிள்ளைகள் போய் நிற்பார்கள். கீழே உள்ள எல்லாவற்றையும் இதை மனதில் வைத்தே வாசியுங்கள்.

1. ‘ஓம்’ சொல்லுமுன் விதிகளை எழுத்தில் கேளுங்கள்

வாய்ப்பேச்சில் சம்மதிக்க வேண்டாம். விதித்தாளின் பிரதியை அனுப்பச் சொல்லுங்கள். இன்னும் எழுதவில்லை என்றால் நல்லதுதான், எழுதும்போதே கூட இருங்கள். பார்க்க வேண்டியவை: ஒருவர் எத்தனை படம் தரலாம், வயதுப் பிரிவு உண்டா, போன் படமும் கமராப் படமும் ஒரே பிரிவா, எந்தக் காலத்துக்குள் எடுத்த படம், எவ்வளவு திருத்தலாம், சமநிலை வந்தால் யார் முடிவு செய்வது.

படத்தின் உரிமை பற்றிய வரியைத் தனியாகப் பாருங்கள். “அனுப்பப்படும் படங்கள் யாவும் எமக்கே சொந்தம்” என்று பல விதித்தாள்களில் ஒரு வரி இருக்கும். வேறெங்கோ இருந்து பிரதி பண்ணிய வரி அது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி படத்தின் பதிப்புரிமை அதை எடுத்தவருக்கு உரியது. கண்காட்சிக்கும் போட்டி விளம்பரத்துக்கும் எடுத்தவரின் பெயரோடு பயன்படுத்த அனுமதி கேட்டால் போதும். அந்த வரியை மாற்றாவிட்டால் நான் நடுவராக இருக்க மாட்டேன் என்று சொல்லிவிடுங்கள். போஸ்டரில் உங்கள் பெயரும் போகிறது.

அம்பாறை மாவட்டப் போட்டி என்றால் விதிகள் தமிழிலும் சிங்களத்திலும் இருக்க வேண்டும். கல்முனை, அக்கரைப்பற்றுப் பிள்ளைகளும் அம்பாறை நகரப் பிள்ளைகளும் ஒரே போட்டிக்கு வருகிறார்கள். ஒரு மொழிக்காரருக்கு மட்டும் விதி விளங்கினால் போட்டி அங்கேயே சரிந்துவிடும்.

செலவையும் இப்போதே பேசுங்கள். உங்கள் போக்குவரத்து, சாப்பாடு, இறுதிச் சுற்றுக்கான சோதனைப் பிரிண்ட், படங்களைத் தரவிறக்கும் டேட்டா ஆகிய நான்கும் சொல்லாமல் கொள்ளாமல் நடுவரின் கைக்காசில் விழுபவை. கொடுப்பனவு உண்டா இல்லையா என்று நேரே கேட்பதில் வெட்கம் வேண்டாம். இல்லை என்றாலும் போகலாம், தெரிந்துகொண்டு போங்கள். கொழும்பிலிருந்து இன்னொரு நடுவர் வருகிறார் என்றால் ரயில் பயணமே ஒரு முழு இரவையோ பகலையோ எடுத்துவிடும். அவருடைய தங்குமிடச் செலவு யாருடையது என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

2. எது சாகசம் என்பதைப் படங்கள் வருமுன் முடிவு செய்யுங்கள்

மற்ற எல்லாப் படிகளையும் விட இதற்கே அதிக நேரம் கொடுங்கள். படங்களைப் பார்த்த பிறகு வரையறை எழுதினால், உங்களுக்குப் பிடித்த படத்துக்கு ஏற்றபடி எழுதிவிடுவீர்கள். நடுவர்கள் எல்லோரும் கூடி ஒரு பக்கத்தில் எழுதி ஒப்பமிட்டு, விதித்தாளோடு வெளியிடுங்கள்.

நம் மாவட்டங்களில் இந்தத் தலைப்புக்கு என்னென்ன படம் வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். அறுகம்பேயில் அலைச்சறுக்கு. குடும்பிமலை ஏற்றம். உகந்தையிலிருந்து குமண காட்டு வழியாகக் கதிர்காமம் போகும் பாதயாத்திரை. சேனநாயக்க சமுத்திரத்தில் யானை நீந்துவதைப் படகிலிருந்து எடுத்தது. ஆழ்கடல் போகும் மீனவர். வயற்பரணில் இரா முழுக்க யானைக் காவல். அம்மன் கோயில் தீமிதிப்பு. வெள்ளத்தில் தோணி. பாலத்திலிருந்து வாவிக்குள் பாயும் பையன்கள். ஒற்றைச் சில்லில் மோட்டார் சைக்கிள்.

இவற்றில் சிலதைக் குறித்து முன்பே பேசியாக வேண்டும். தீமிதிப்பவர் நேர்த்திக்கடன் தீர்க்கிறார், வீரம் காட்ட வரவில்லை. அதைச் சாகசம் என்று கேடயத்தில் பொறித்தால் கோயில்காரர் மனம் நோகும், அவர்கள் நோவதில் நியாயமும் இருக்கிறது. வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீரில் பிள்ளையைத் தோளில் தூக்கி வரும் தாயின் படம் எவ்வளவு உருக்கமாக இருந்தாலும் இந்தத் தலைப்புக்கு உரியதல்ல என்பதே என் நிலை. அவர் விரும்பிப் போன பயணம் இல்லை அது. நான் வைத்திருக்கும் உரைகல் இதுதான்: படத்தில் இருப்பவர் தெரியாத ஒன்றை நோக்கித் தானாக அடி எடுத்து வைத்தாரா? ஆழ்கடல் மீனவரிடம் இந்த உரைகல் தடுமாறும். அவருக்கு அது பிழைப்பு. ஆனாலும் கரை மறையும் வரை ஓட்டிப் போவதில் ஒரு துணிவு இருக்கிறது என்பதால் நான் சேர்ப்பேன். உங்கள் குழு வேறு முடிவுக்கு வரலாம். வரட்டும், எழுதி வையுங்கள்.

அடுத்தது ஆபத்து. கீழே உள்ளவற்றைத் தகுதிநீக்கக் காரணங்களாக விதித்தாளிலேயே போடச் சொல்லுங்கள்:

– பாலங்களிலிருந்தும் ரயில் பாதையிலும் எடுத்த உயிராபத்தான படங்கள், குறிப்பாகப் பதினெட்டு வயதுக்குக் குறைந்தோர் இருப்பவை.
– தலைக்கவசமில்லாத மோட்டார் சைக்கிள் வித்தைகள்.
– யானையைச் சீண்டி அல்லது விரட்டி எடுத்தவை. காது விரிந்து, வால் நிமிர்ந்து, யானை கமராவை நோக்கி வருகிறது என்றால் எடுத்தவர் எங்கே நின்றார் என்று கேளுங்கள்.
– தேசியப் பூங்காவுக்குள் வாகனத்தை விட்டு இறங்கக் கூடாத இடத்தில் இறங்கி எடுத்தவை.
– ட்ரோன் படம் என்றால் சிவில் விமானத் துறை அதிகாரசபையின் தேவைகளுக்கு உட்பட்டு எடுத்ததற்கான ஆவணம் வேண்டும். குமண, கல்லோயா போன்ற பூங்காக்களில் எடுத்ததென்றால் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும்.

‘படம் எடுத்த பிறகு என்ன, இனி தடுக்கவா முடியும்?’ என்று குழுவில் ஒருவர் கேட்பார். அந்தப் பையனை இனித் தடுக்க முடியாது. கேடயத்தைப் பார்க்கப் போகும் மற்றப் பையன்களைத் தடுக்கலாம்.

3. படங்கள் வந்து சேரும் வழியை நீங்களே சொல்லுங்கள்

அதிகம் பேர் விழும் குழி இதுதான். “வட்ஸ்அப்பில் அனுப்புங்கள்” என்று போஸ்டரில் ஓர் இலக்கத்தைப் போட்டுவிடுகிறார்கள். வழக்கமான முறையில் அனுப்பினால் வட்ஸ்அப் படத்தின் நீள்பக்கத்தை 1600 பிக்சல் அளவுக்குச் சுருக்கிவிடும். எப்போது, எந்தக் கமராவில், எந்த ஷட்டர் வேகத்தில் எடுத்தது என்று கோப்புக்குள் இருக்கும் எக்ஸிஃப் தரவும் போய்விடும். 12 × 18 அங்குலத்தில் பிரிண்ட் போடும்போது அங்குலத்துக்கு 100 பிக்சல்கூடத் தேறாது, கோடுகள் கரைந்து நிற்கும். சாதாரண 12 மெகாபிக்சல் போன் படமே அந்த அளவுக்குத் தாராளமாகப் போதும். குறை போனில் இல்லை, அனுப்பிய வழியில்தான்.

ஆகவே போஸ்டரிலேயே எழுதச் சொல்லுங்கள்: மின்னஞ்சலில் இணைப்பாக, அல்லது கூகுள் ஃபோர்மில், அல்லது வட்ஸ்அப்தான் என்றால் ‘டொகியுமென்ட்’ ஆக. கூகுள் ஃபோர்மில் கோப்பு ஏற்றுவதற்கு அனுப்புபவருக்குக் கூகுள் கணக்கு வேண்டும். பாடசாலைப் பிள்ளைகள் பலரிடம் அது இருக்காது என்பதால் இரண்டாவது வழியொன்றும் திறந்திருக்கட்டும்.

முன்னூறு படம், ஒன்று 8 எம்பி என்றால் 2.4 ஜிபி. கூகுளின் இலவச 15 ஜிபிக்குள் அது அடங்கும். உங்கள் மொபைல் டேட்டாவில் அதை இறக்காதீர்கள். பென் ட்ரைவில் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

இறுதித் திகதியையும் காலநிலை பார்த்து வையுங்கள். அறுகம்பேயில் அலைக்காலம் ஏறக்குறைய மே தொடங்கி செப்டெம்பர் வரை. பாதயாத்திரை கதிர்காம ஆடித் திருவிழாவை ஒட்டி வருகிறது. செப்டெம்பர் முடிவில் படங்களை மூடி, ஒக்டோபரில் தெரிவு செய்தால் மாரி மழைக்கு முன் கண்காட்சி முடிந்துவிடும். நவம்பருக்குத் தள்ளினால் வெள்ளம் ஏறிய வீதியில் பிரிண்டுகளைக் கொண்டுபோக வேண்டிவரும். உயர்தரப் பரீட்சைக் காலத்தையும் தவிர்க்கச் சொல்லுங்கள்.

4. பெயரை மறையுங்கள், உறவைச் சொல்லுங்கள்

படங்களை வாங்கிப் பதிவேட்டில் எழுதுபவர் ஒருவர். அவர் நடுவராக இருக்கக் கூடாது. ஒவ்வொரு படத்துக்கும் ஓர் இலக்கம் கொடுத்து, கோப்பின் பெயரையும் அந்த இலக்கமாக மாற்றித்தான் உங்களிடம் தர வேண்டும். மூலையில் ஸ்டூடியோப் பெயரோ வோட்டர்மார்க்கோ இருந்தால் அதில்லாத பிரதியைக் கேட்டு வாங்குவது அவர் வேலை. தலைப்பும் இரண்டு வரி விளக்கமும் படத்தோடு வரலாம். எடுத்தவரின் ஊரும் பாடசாலையும் வர வேண்டாம்.

இதெல்லாம் செய்தாலும் நம் ஊர்களில் பெயர் முழுதாக மறையாது. மச்சான் எடுத்த படத்தை முகநூலில் ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள். நீங்களே பழக்கிய மாணவியின் கோணம் பார்த்தவுடன் தெரிந்துவிடும். அதைப் பாவமாக நினைக்க வேண்டியதில்லை, மறைப்பதுதான் பிழை. தொடங்குமுன் ஒவ்வொரு நடுவரும் ஒரு தாளில் உறவினர், மாணவர், தொழில் பங்காளி யாரும் கலந்துகொண்டிருக்கலாமா என்று எழுதி ஒப்பமிட வேண்டும். தெரிந்த படம் திரைக்கு வந்தால் “இது எனக்குத் தெரிந்தவர் படம்” என்று சொல்லிப் புள்ளி போடாமல் விடுங்கள். மற்ற இருவரின் சராசரி அதற்குப் போதும்.

5. நாளும் இடமும் திரையும்

மூன்று நடுவர் நல்லது. இருவர் என்றால் முட்டி நிற்கும், ஐவர் என்றால் மதியம் தாண்டும். சனிக்கிழமை காலை நம் பக்கத்துக்கு வசதி: வெள்ளி என்றால் முஸ்லிம் நடுவருக்குத் தொழுகை, ஞாயிறு என்றால் கிறிஸ்தவருக்குப் பூசை.

முதல் இரண்டு பார்வைக்கும் சேர்த்துப் படத்துக்கு 15 செக்கன் என்று வைத்தால் 300 படத்துக்கு 75 நிமிடம். அதில் அறுபது மிஞ்சினால், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம் வைத்துப் புள்ளியிட ஒரு மணித்தியாலம். கடைசி இருபதைப் பேசித் தீர்க்க இன்னொரு மணித்தியாலம். இடைவேளையோடு காலை 8.30க்குத் தொடங்கி ஒரு மணிக்கு முன் முடிக்கலாம். சாப்பாட்டுக்குப் பிறகு தெரிவு வேண்டாம். வெக்கையிலும் களைப்பிலும் எல்லாப் படமும் ஒன்றுபோலத் தெரியும்.

மண்டபத்து ப்ரொஜெக்டரை நம்ப வேண்டாம். நிறமும் இருளும் அதில் செத்துவிடும். யன்னல் மூடிய அறையில் நல்ல மொனிட்டர் ஒன்றில் பாருங்கள். டிவி என்றால் ‘விவிட்’ நிலையிலிருந்து மாற்றுங்கள். லெப்டொப்பில் இரவு நிறத்தையும் தானியங்கி வெளிச்சத்தையும் நிறுத்திவிடுங்கள். மின்வெட்டு அறிவித்தல் இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள்.

6. சுற்றுகளும் புள்ளிகளும்

முதலில் எல்லாப் படத்தையும் ஒருமுறை பேசாமல், எழுதாமல் பாருங்கள். எந்தத் தரத்தில் வந்திருக்கிறது என்று கண் பழகினால்தான் முதலாவது படத்துக்கும் முன்னூறாவது படத்துக்கும் ஒரே அளவுகோல் கிடைக்கும். இதைத் தவிர்த்து நேரே புள்ளியிடத் தொடங்குபவர்கள் ஆரம்பத்தில் கஞ்சத்தனமாகவும் கடைசியில் தாராளமாகவும் போடுவார்கள்.

இரண்டாம் முறை உள்ளே, வெளியே. மூவரில் இருவர் ‘உள்ளே’ என்றால் உள்ளே. அதோடு ஒவ்வொரு நடுவருக்கும் ஒரு சிறப்பு உரிமை கொடுங்கள்: மற்ற இருவரும் தள்ளிய ஒரு படத்தை அவர் மீட்கலாம். துணிச்சலான, கொஞ்சம் பிசிறடிக்கும் படங்கள் பல இந்த வழியாகத்தான் தப்பிப் பிழைக்கும்.

மூன்றாம் சுற்றில் புள்ளி. நான் பயன்படுத்தும் பங்கீடு நூற்றுக்கு: தலைப்போடு பொருந்துவது 30, கணம் 30, சட்டகமும் ஒளியும் 25, தொழில்நுட்பம் 15. தொழில்நுட்பத்துக்குக் குறைவாக வைப்பதற்குக் காரணம் உண்டு. இவர்கள் தொழில்முறைக்காரர் இல்லை. நீரில் நின்று அலைச்சறுக்கை எடுக்க நீர்புகாத கமராக் கூடு வேண்டும், கரையிலிருந்து எடுக்க நீண்ட லென்ஸ் வேண்டும். பொத்துவில் மீனவர் வீட்டுப் பிள்ளையிடம் இரண்டும் இருக்காது. அலை எழும்புமுன் பலகையைக் கைக்குள் அணைத்தபடி கடலைப் பார்த்து நிற்கும் தன் நண்பனைப் போனில் எடுத்திருப்பான். பலகை நுனியில் பறக்கும் நுரையை விட அந்த முகத்தில் சாகசம் அதிகமாக இருக்கலாம். அதைப் பார்க்கத்தான் உங்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

புள்ளிகளைத் தனித்தனியே, ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல் எழுதுங்கள். கூட்டுத்தொகையை மட்டும் நம்பாதீர்கள். நூற்றைப் பத்தாகச் சுருக்கிப் பாருங்கள்: 8, 8, 8 வாங்கியதும் 10, 10, 4 வாங்கியதும் 24தான். முதலாவது யாரையும் உறுத்தாத படம், இரண்டாவது இருவரைப் பிடித்து உலுக்கிய படம். பத்துக்கு மூன்று புள்ளிக்கு மேல் வித்தியாசம் வந்தால் நிறுத்திப் பேசுங்கள். நாலு போட்டவர் கண்டது மற்றவர்கள் காணாத குறையாகவும் இருக்கலாம்.

மூத்த நடுவர் முதலில் பேசினால் மற்றவர்கள் அடங்கிவிடுவார்கள். இளையவரை முதலில் பேசவிடுங்கள்.

‘அதிக லைக்குக்குப் பரிசு’ என்று ஏற்பாட்டாளர் கேட்டால் அதைத் தனிப் பரிசாக வைக்கட்டும். உங்கள் புள்ளியோடு கலக்க விடாதீர்கள்.

7. பரிசுப் பட்டியலில் உள்ளவர்களிடம் மூலக்கோப்பைக் கேளுங்கள்

பெரிய போட்டிகளிலேயே இது நடந்திருக்கிறது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் வனவிலங்குப் புகைப்படப் போட்டியில் 2009இல் முதற்பரிசு பெற்ற, வேலியைத் தாண்டிப் பாயும் ஓநாயின் படம் அடுத்த ஆண்டு தகுதி இழந்தது. அது பெரும்பாலும் பழக்கப்பட்ட ஓநாயாக இருக்க வேண்டும் என்று நடுவர்கள் முடிவுக்கு வந்தார்கள். 2023இல் சோனி உலகப் புகைப்பட விருதில் ஒரு பிரிவில் வென்ற ஜேர்மன் கலைஞர் போரிஸ் எல்டாக்சன், தன் படம் செயற்கை நுண்ணறிவில் செய்தது என்று தானே சொல்லிப் பரிசை மறுத்தார். அவராகச் சொல்லியிராவிட்டால் பரிசு அதற்கே போயிருக்கும்.

முதல் பத்துப் படங்களுக்கு மட்டும், பதிவேடு வைத்திருப்பவர் மூலம் கேட்டால் போதும். கமரா என்றால் ரோ கோப்பு (கமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் மூலத் தரவு), போன் என்றால் திருத்தாத மூலப்படம். அதோடு அதற்கு முன்னும் பின்னும் எடுத்த இரண்டு மூன்று படங்கள். நான் அதிகம் நம்புவது இந்த அண்டைப் படங்களைத்தான். எக்ஸிஃப் தரவை மாற்றிவிடலாம், ஒரே நிமிடத்தில் எடுத்த நாலு படத்தைப் பொய்யாகச் செய்வது கஷ்டம். கூகுள் படத்தேடலிலும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். மூன்று நாள் அவகாசம் கொடுங்கள்.

நம் கரைக்கென்று ஒரு சோதனையும் உண்டு. பாசிக்குடாவிலோ அறுகம்பேயிலோ கடற்கோட்டில் சூரியன் தெரிந்தால் அது காலைதான். ‘பாசிக்குடாவில் அந்திச் சூரியன் கடலில் மூழ்கும் வேளை’ என்று விளக்கம் எழுதியிருந்தால் ஒன்று விளக்கம் பிழை, அல்லது படம் நம் கரையில் எடுத்தது இல்லை. கல்லடியிலிருந்து வாவிக்கு மேலாக மாலைச் சூரியனைக் காணலாம், அது வேறு. எக்ஸிஃப் நேரம் மாலை ஆறு என்று இருந்தாலும் உடனே தள்ளிவிடாதீர்கள். கமராக் கடிகாரத்தில் காலை, மாலை மாறி வைத்திருப்பவர்கள் ஏராளம். முதலில் பதிவேடு வைத்திருப்பவர் மூலம் கேளுங்கள்.

எவ்வளவு திருத்தலாம் என்பது விதித்தாளில் இருக்க வேண்டும். வெட்டுதல், வெளிச்சம், நிறம், கறுப்பு வெள்ளை ஆகியவற்றுக்கு இடம் கொடுக்கலாம். இல்லாததைச் சேர்ப்பதற்கும் இருந்ததை அழிப்பதற்கும் இடமில்லை. பாறையில் ஏறுபவரின் பாதுகாப்புக் கயிற்றை அழித்து எடுத்த படம் சாகசத்தைக் கூட்டிக் காட்டும் பொய். இந்தத் தலைப்பில் அதைப் பிரத்தியேகமாகத் தேடுங்கள்.

படத்தில் சிறுவர் தெளிவாகத் தெரிந்தால் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் இந்தக் கட்டத்தில் வாங்கியாக வேண்டும். வெள்ளைத்தாளில் நாலு வரி, ஒப்பம், திகதி. இது இல்லாமல் கண்காட்சிச் சுவரில் ஏற்ற வேண்டாம்.

8. பிரிண்டில் ஒருமுறை

இருபது படத்தையும் 8 × 12 அங்குலத்தில் சோதனைப் பிரிண்ட் எடுத்து மேசையில் பரப்பினால் வரிசை மாறும். திரையில் பின்னொளியில் மின்னியது தாளில் இருண்டு போகும், அமைதியாக இருந்தது முன்னுக்கு வரும். செலவுக்குப் பணம் இல்லை என்றால் பத்தையாவது எடுங்கள். பிரிண்ட் கடைக்குக் கொடுக்கும்போது “ஓட்டோ கரெக்‌ஷன் போடாதீங்க” என்று சொல்லுங்கள், இல்லாவிட்டால் அந்திப் படமெல்லாம் பகலாகிவிடும்.

9. முடிவை எழுதி ஒப்படையுங்கள்

புள்ளித்தாள்கள், தகுதி நீக்கிய படங்களின் இலக்கமும் காரணமும், மூவரும் ஒப்பமிட்ட முடிவுத்தாள். மூன்றிலும் ஒரு பிரதியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். முடிவுத்தாளில் ஒப்பமிட்ட பிறகுதான் பதிவேட்டைத் திறந்து பெயர் பார்க்க வேண்டும். பெயர் தெரிந்த பிறகு, ‘தலைவரின் மகனுக்கு ஓர் ஆறுதல் பரிசாவது’ என்று யாராவது வந்தால் ஒப்பமிட்ட தாளைக் காட்டுங்கள். ஆட்சேபம் சொல்ல ஏழு நாள் கொடுத்து, அதன் பிறகு பரிசளிப்பு வைக்கச் சொல்லுங்கள்.

இறுதிச் சுற்றுக்கு வந்த ஒவ்வொருவருக்கும் இரண்டு வரி எழுதிக் கொடுங்கள். எது பிடித்தது, எதை மாற்றிப் பார்க்கலாம். வாகரையிலிருந்தோ திருக்கோவிலிலிருந்தோ பஸ் ஏறி வரும் பிள்ளைக்குச் சான்றிதழை விட அந்த இரண்டு வரிதான் உதவும். ஆபத்துக் காரணமாகத் தள்ளிய படத்தை எடுத்தவரிடம் தனியாகப் பேசுங்கள். அவருடைய கண் நல்லது என்பதையும் சொல்லுங்கள், ஏன் பரிசு இல்லை என்பதையும் சொல்லுங்கள். மேடையில் வேண்டாம்.

ஆட்சேபக் காலம் முடிந்ததும் உங்கள் லெப்டொப்பிலும் பென் ட்ரைவிலும் உள்ள போட்டிப் படங்களை, முக்கியமாகப் பிள்ளைகள் உள்ள படங்களை, அழித்துவிட்டு, அழித்தேன் என்று ஏற்பாட்டாளருக்கு ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.